இடது தோளில் துப்பாக்கி

எர்லாங்கன்,
18 செப்டம்பர் 2005

அன்புத் தம்பி சிவராமுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் நன்றாக இருக்கிறோம். நீ இன்னும் உறைந்து போகவில்லை என்று நம்பி இதைத் தொடங்குகிறேன்.

போன் வேண்டாம் என்று நீ சொன்னது சரிதான். சாப்பாட்டுக்கூடத்தின் நடுவில் இருக்கும் ஒரே போனில், எல்லோரும் சூப் குடித்துக்கொண்டிருக்கும்போது நீ என்னோடு தமிழில் கத்துவதை நினைத்தாலே சிரிப்பு வருகிறது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி மின்னஞ்சல் அனுப்பினால் எனக்குக் கோபம்கூட ஒழுங்காக வருவதில்லை. ஆகவே பேனாவும் தாளும்தான். விமானம் வரும்போது தபால் வரும் என்றாயே, அதுவரை பொறுமையாக இருப்பேன். பொறுமை என்ற சொல்லை நான் எழுதியதைக் காட்டினால் அத்தான் விழுந்து விழுந்து சிரிப்பார்.

அம்மாவிடம் "ஜெர்மனியில் கொஞ்சம் வடக்கே மாற்றல்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். நார்வேயையும் தாண்டி, வட துருவத்துக்குப் பக்கத்தில் ஒரு தீவு என்றால் தூத்துக்குடியில் சாப்பாடு இறங்காது. கரடி என்ற பேச்சே எடுக்காதே. எனக்கே அந்தப் பேச்சு வேண்டாம். அலுவலகத்துக்குச் சைக்கிளில் போகும்போது, ஆற்றங்கரைப் புதரில் ஏதாவது அசைந்தால் திடுக்கிடுகிறேன். முயல்தான்.

ஒன்றை மட்டும் மறக்காதே. உனக்கு ஏழரைச் சனி நடக்கிறது. அம்மா திருநள்ளாற்றில் வைத்துக் கும்பிட்டு அனுப்பிய நீலக்கல் மோதிரத்தை விமான நிலையத்தில் நானே உன் விரலில் போட்டுவிட்டேன். அதைக் கழற்றக் கூடாது. நான் கம்ப்யூட்டர் படித்தவள்தான், எனக்கும் தெரியும் இதெல்லாம் என்னவென்று. இருந்தாலும் கழற்றாதே.

அங்கே என்னதான் வேலை என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது. காது மூடிய குல்லாய் போட்டுக்கொள்.

உன் அக்கா,
வத்சலா


ஸ்பிட்ஸ்பெர்கன் தீவு,
9 அக்டோபர் 2005

அன்புள்ள அக்காவுக்கு,

சிவராம் எழுதுவது. கை, கால், காது எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. உன் சுகமும் அத்தான் சுகமும் அறிய ஆசை.

என் வேலையைக் கேட்டாய். சினிமாக் கொட்டகையில் நம் தலைக்கு மேலே புரொஜெக்டர் வெளிச்சம் நீளமாகப் போகுமே, அது கண்ணுக்குத் தெரிந்தது பீடிப் புகையால்தான். சுத்தமான காற்றில் வெளிச்சம் போவது தெரியாது. தூசியில் பட்டுச் சிதறினால்தான் தெரியும். நாங்கள் லேசரால் ஒரு பச்சை ஒளிக்கோட்டை நேராக வானத்துக்குள் அனுப்புகிறோம். மேலே இருக்கும் நுண்தூசி அதைச் சிதறடிக்கும். திரும்பி வரும் துளி வெளிச்சத்தைத் தொலைநோக்கியால் பிடித்து, எந்த உயரத்தில் எவ்வளவு தூசி என்று கணக்கிடுகிறோம். ஊருக்கு வெளியே ஒரு குடிசையில் இன்னொரு கருவி இருக்கிறது. அது காற்றை உள்ளே இழுத்து, விளக்குப் போட்டு, சிதறும் ஒளியை அளக்கும். ஆலையே இல்லாத இடத்தில் தூசி ஏது என்பாய். குளிர்காலக் கடைசியில் ஐரோப்பாவின் ஆலைப் புகையெல்லாம் இங்கே வந்து தேங்குகிறது. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வானமே மங்கலாக இருக்குமாம். என் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு வேண்டியது அந்த மூன்று மாதம்தான். அதற்காகத்தான் முழுக் குளிர்காலமும் இங்கே குந்தியிருக்கிறேன்.

என்னோடு வேலை செய்பவள் உல்ரிக. வட ஜெர்மனியில் லூபெக் பக்கத்துக்காரி, கெட்டிக்காரி, அதிகம் பேசமாட்டாள். குடியிருப்புக்கு வெளியே போனால் இருவராகத்தான் போக வேண்டும், ஒருவர் கையில் துப்பாக்கி இருக்க வேண்டும். ஒருவர் வேலை பார்ப்பார், மற்றவர் கரடிக்குக் காவல். சுடுவதில் நான் தேறிவிட்டேன். சோடாபுட்டி என்று என்னைக் கேலி செய்தாயே, குறியில் ஒன்றுகூடத் தவறவில்லை.

லேசர் அறைக்குள் பளபளப்பாக எதுவும் இருக்கக் கூடாது. வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்துக் கண்ணில் விழுந்தால் ஆபத்து. கடிகாரம், பெல்ட் எல்லாவற்றையும் வாசலில் ஒரு டப்பாவில் போட்டுவிட்டு, தடித்த கண்ணாடி மாட்டிக்கொண்டுதான் உள்ளே போகிறோம். ஆகவே கவலைப்படாதே.

பாசமுள்ள தம்பி,
சிவராம்


எர்லாங்கன்,
30 அக்டோபர் 2005

அன்புத் தம்பிக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. உனக்கும் அப்படியே இருக்க வேண்டும்.

நாளை மறுநாள் தீபாவளி. அத்தான் லீவு கிடைக்கவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். கொஞ்சம் முறுக்கும் அதிரசமும் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உல்ரிகவுக்கும் கொடு. துப்பாக்கியோடு நிற்கிறவன் நீ என்றால் அவளை நினைத்துத்தான் எனக்குக் கவலை என்று விளையாட்டாகச் சொல்லிவை.

டப்பாவில் போடும் விஷயம். கடிகாரத்தைப் போடு, பெல்ட்டைப் போடு, வேண்டுமானால் உன் மூளையையும் போடு. மோதிரத்தைப் போடாதே. போன வாரம் அம்மா போனில், "கழட்டலேல்ல? எந்த நேரத்துலயும் கழட்டப்படாதுன்னு சொல்லு" என்று இரண்டு தடவை கேட்டாள். கல்லை உள்ளங்கைப் பக்கம் திருப்பிக்கொண்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

மோதிரம் விரலில் இருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் ஒரு வரி எழுது.

அக்கா,
வத்சலா


ஸ்பிட்ஸ்பெர்கன்,
4 டிசம்பர் 2005

அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலம்தானே.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். வேலை கொஞ்சம் அதிகம். இடையில் சில நாள் தலைவலி. இப்போது சூரியனே கிடையாது. பகல் பன்னிரண்டு மணிக்கும் இருட்டுத்தான். எல்லோருக்கும் தலைவலி வருகிறது.

முறுக்கு உடையாமல் வந்தது. உல்ரிகவுக்கு அதிரசம் பிடித்துவிட்டது. உனக்காகச் சுடும் பயிற்சியில் எடுத்த படம் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். அம்மாவுக்குக் காட்டாதே.

அத்தான் கண் மருத்துவக் கருவிப் பிரிவில்தானே வேலை செய்கிறார்? அவரிடம் ஒன்று கேட்டுச் சொல். லேசர் பட்டு விழித்திரையில் காயம் வந்தால் எத்தனை மாதத்தில் ஆறும்? இங்கே ஒரு நண்பனுக்கு அப்படி ஆகிவிட்டது. பாவம், மிகவும் பயந்துபோயிருக்கிறான்.

வேறு விசேஷம் இல்லை.

சிவராம்


எர்லாங்கன்,
18 டிசம்பர் 2005

சிவராமுக்கு,

நாங்கள் நலம். நீ நலமில்லை.

சாப்பாட்டு மேசையில் அத்தானிடம் உன் கேள்வியைக் கேட்டேன். "என்ன வத்சு, திடீர்னு கண்ணைப் பத்திக் கேக்குற?" என்றார். உன் நண்பன் கதையைச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "நடுவுல பட்டிருந்தா ஆறாது. தழும்பாயிரும். முதல் சில வாரத்துல டாக்டர்ட்ட போனா மேற்கொண்டு கெடாம ஏதாவது செய்யலாம். அந்தப் பையன் போனானா?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

அப்புறம் உன் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். குறி பார்த்துக்கொண்டு நிற்கிறாய். துப்பாக்கிக் கட்டை இடது தோளில் இருக்கிறது. இடது கை விரல் விசையில் இருக்கிறது. நீ வலது கைக்காரன். பம்பரம் விட்டதும், கிரிக்கெட் ஆடியதும், என் ஜடையைப் பிடித்து இழுத்ததும் வலது கையால்தான். எந்த முட்டாள் வலது கைக்காரன் இடது தோளில் துப்பாக்கியை வைப்பான்? வலது கண்ணால் குறி பார்க்க முடியாதவன்தான் வைப்பான்.

உனக்கு அங்கே நண்பன் யாரும் இல்லை. அந்தக் கண் உன்னுடையது. மறைக்காமல் எழுது.

வத்சலா


ஸ்பிட்ஸ்பெர்கன்,
6 ஜனவரி 2006

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ கண்டுபிடித்துவிட்டாய். யாரிடமாவது சொல்ல மாட்டோமா என்றிருந்தது. உன்னிடம் மாட்டிக்கொண்டதில் அழுதுவிட்டேன்.

நவம்பர் நடுவில் நடந்தது. தடித்த கண்ணாடி போட்டால் பச்சை வெளிச்சமே தெரியாது. அதுதான் அதன் வேலை. ஒளி சரியான இடத்தில் விழுகிறதா என்று பார்க்க, லேசர்க்காரர்கள் எல்லோரும் கண்ணாடியை ஒரு நொடி நெற்றிக்கு ஏற்றுவார்கள். செய்யக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். நானும் ஏற்றினேன். எதிலோ பட்டுத் தெறித்தது. வலியே இல்லை அக்கா. 'டப்' என்று ஒரு சத்தம் தலைக்குள் கேட்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

வலது கண்ணின் நடுவில் ஒரு சாம்பல் திட்டு. ஓரமெல்லாம் தெரிகிறது. எதை நேராகப் பார்க்கிறேனோ அது மட்டும் தெரியாது. இடது கண்ணை மூடிக்கொண்டு உல்ரிகவைப் பார்த்தால் காதும் தலைமுடியும் இருக்கும், முகம் இருக்காது. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. எழுதுகிறேன், படிக்கிறேன், அளவுகளும் தப்பவில்லை.

இப்போது சொன்னால் அடுத்த விமானத்தில் அனுப்பிவிடுவார்கள். விதியை மீறினேன் என்று பதிவாகும். தூசிப் பருவம் போய்விடும், அதோடு பட்டமும் போய்விடும். மூன்று வருட வேலை அக்கா. ஏப்ரல் முடிந்ததும் நேரே எர்லாங்கன் கண் மருத்துவமனைக்கு வருகிறேன். அத்தான் சொன்னபடி ஆறாது என்றால், இப்போது போனால் என்ன, ஏப்ரலில் போனால் என்ன?

துப்பாக்கியை இடது தோளில் வைத்துச் சுடப் பழகிக்கொண்டிருக்கிறேன். தூக்க மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். நிலையத் தலைவர் ஹென்னிங்குக்கு ஒரு சொல்கூடப் போகக் கூடாது. அம்மாவுக்கும் வேண்டாம். எனக்காக.

சிவராம்


எர்லாங்கன்,
20 ஜனவரி 2006

அன்புத் தம்பி,

சுகம் விசாரிக்க எனக்குத் தைரியம் இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கடிதத்தைப் படித்த அன்று, பெரிய ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து என் மூக்குக்கண்ணாடியின் வலது பக்கத்தில் ஒட்டினேன். அதைப் போட்டுக்கொண்டு சமையல் செய்தேன். இரண்டு கண்ணாலும் பார்க்கும்போது பெரிதாக ஒன்றுமில்லை, கொஞ்சம் எரிச்சல்தான். அப்புறம் இடது கண்ணை மூடிக்கொண்டேன். அத்தான் வாசலில் வந்து நின்றார். தோள் இருந்தது, கோட்டு இருந்தது, கையில் பால் பாக்கெட் இருந்தது. முகத்தைக் காணவில்லை. "யாருங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் பயந்துபோனார். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று.

"அவன் தலைவர்ட்ட சொல்லியே ஆகணும்" என்கிறார் அவர். நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன். நீ 'எனக்காக' என்று எழுதியதால் தடுத்து வைத்திருக்கிறேன். இது சரி என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு நிபந்தனை. துப்பாக்கியைத் தொடாதே. முதுகுவலி என்று சொல், தோள் சுளுக்கு என்று சொல், என்ன பொய் வேண்டுமானாலும் சொல். உன்னை நம்பி ஒருத்தி முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கக் கூடாது. எனக்குச் சத்தியம் செய்து எழுது.

இன்னொன்று. 'எதிலோ பட்டுத் தெறித்தது' என்று எழுதியிருக்கிறாய். எதில்? நீ எல்லாவற்றையும் அளந்து எழுதுகிறவன். மோதிரத்தைப் பற்றி நான் கேட்டு மூன்று மாதம் ஆகிறது, நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

வத்சலா


ஸ்பிட்ஸ்பெர்கன்,
14 பிப்ரவரி 2006

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். உல்ரிகவும் உயிரோடு இருக்கிறாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சத்தியம் செய்து எழுதலாம் என்று இருந்தேன். தோள் சுளுக்கு என்று சில நாள் சொல்லவும் செய்தேன். போன வாரம் பனிப்புயலில் குடிசைக் கருவியின் காற்றுக் குழாய் பனி படிந்து அடைத்துக்கொண்டது. அதை அன்றே சுரண்டாவிட்டால் அளவெல்லாம் பாழ். மற்றவர்கள் எல்லோரும் வேறு வேலையில். உல்ரிக, "உன் தோள் எப்படி இருக்கிறது?" என்று கேட்டாள். பரவாயில்லை என்று துப்பாக்கியை எடுத்துக்கொண்டேன்.

மதியம்தான். சூரியன் இன்னும் மலைக்கு மேலே வரவில்லை. எல்லாம் நீல வெளிச்சமாக இருக்கும். அவள் ஏணியில் ஏறிக் குழாயைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் கீழே கடல் பக்கம் பார்த்து நின்றேன். அவள்தான் முதலில் பார்த்தாள். மெல்லிய குரலில், "சிவா, உன் பின்னால்" என்றாள்.

திரும்பினேன். குடிசையின் மறுபக்கத்திலிருந்து வருகிறது. நம் வீட்டு வாசலிலிருந்து தெருக்குழாய் வரை இருக்குமே, அவ்வளவுதான் தூரம். எலும்பும் தோலுமாக, மஞ்சள் வெள்ளையாக. அதை மிரட்டி விரட்ட, சின்னப் பிஸ்டலால் வெளிச்சத் தோட்டாவை மேலே சுட்டேன். அது நின்று பார்த்துவிட்டு மறுபடி நடந்தது. துப்பாக்கியை எடுத்தேன்.

இத்தனை வாரம் பழகியதெல்லாம் மறந்துபோய்விட்டது அக்கா. கை தானாக வலது தோளுக்குத்தான் போனது. குறி பார்க்க இடது கண்ணை மூடினேன். கரடியைக் காணோம். பனி இருந்தது, மலை இருந்தது, அது நின்ற இடத்தில் சாம்பல் திட்டு. இடது கண்ணைத் திறந்தேன், கரடி இன்னும் கிட்டே வந்திருந்தது. மறுபடி மூடினேன், மறுபடி இல்லை. தோள் மாற்ற வேண்டும் என்று தெரிகிறது. கை அசையவில்லை. அந்த மாதிரிப் பயம் எனக்கு வாழ்நாளில் வந்ததில்லை. உல்ரிக ஏணியிலிருந்து இறங்கி என் முதுகுக்குப் பின்னால் ஒட்டி நிற்கிறாள். அவள் மூச்சு என் கழுத்தில் படுகிறது. "சுடாதே, பொறு, பொறு" என்கிறாள். நான் பொறுத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

அது மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தது. பிறகு என்ன தோன்றியதோ, திரும்பிக் கரையோரமாகப் போய்விட்டது.

இதற்கு மேல்தான் எழுத வெட்கமாக இருக்கிறது. இரவுச் சாப்பாட்டில் உல்ரிக எழுந்து நின்று எல்லோரிடமும் சொன்னாள். அவள் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி யாரும் கேட்டதில்லை. வேறு யாராக இருந்தாலும் பதறிச் சுட்டிருப்பார்கள், சிவா கல்லாக நின்றான், ஒரு மிருகமும் சாகவில்லை, நானும் சாகவில்லை என்றாள். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். நானும் சிரித்தேன்.

மார்ச் நடுவில் ஜெர்மனியிலிருந்து ஒரு மாணவர் குழு வருகிறது. பனியாற்றுக்குக் கூட்டிப்போக வேண்டும். நிதானமான ஆள் வேண்டும் என்று ஹென்னிங் என் பெயரைக் காவலுக்குப் போட்டிருக்கிறார். பலகையில் ஒட்டியாகிவிட்டது.

தூசி வரத் தொடங்கிவிட்டது. அளவுகள் அருமையாக இருக்கின்றன. எனக்குத் தூக்கம் வருவதில்லை.

சிவராம்


எர்லாங்கன்,
24 பிப்ரவரி 2006

சிவராமுக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் படித்தேன். பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி படித்தேன். வெளியே வந்தபோது பக்கத்து நாற்காலி சபினா, வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். எனக்கே அந்தப் பதிலில் நம்பிக்கை இல்லை.

நீ என் தம்பி. உன் பட்டம் எனக்கு வேண்டும், உன் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுப் பார்க்க வேண்டும். அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிய வேண்டும். ஆனால் கண்ணை மூடினால் எனக்குத் தெரிவது அந்தப் பெண் உன் முதுகில் ஒட்டிக்கொண்டு நிற்பதுதான். அடுத்து அந்த மாணவர்கள். பனியாற்றில் வரிசையாக நடக்கிறார்கள், உன் கையில் துப்பாக்கி இருக்கிறது என்று சிரித்துப் பேசிக்கொண்டு வருகிறார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மோதிரத்தைப் பற்றி நீ இந்தத் தடவையும் எழுதவில்லை. ஆகவே எனக்குத் தெரிந்துவிட்டது. கல்லை உள்ளே திருப்பிக்கொள் என்று நான்தான் எழுதினேன். பின்பக்கத்து வெள்ளி வெளியே வரும் என்று அப்போது தோன்றவில்லை. என் மனம் நோகக் கூடாது என்று நீ மறைத்தாய். நீ மறைத்ததால் நானும் வாயை மூடிக்கொண்டேன். உன் கண்ணைக் கெடுத்தது போதும், பட்டத்தையும் கெடுக்கக் கூடாது என்று பயந்துதான் ஜனவரியில் அத்தானைத் தடுத்தேன். அந்தப் பயத்தால்தான் அந்தப் பெண்ணைக் கரடிக்கு முன்னால் நிறுத்தினேன்.

உங்கள் சாப்பாட்டுக்கூடத்துப் போன் எண்ணை எழுதிப் பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். நேற்று அடித்தேன். ஒரு ஆண் குரல் எடுத்தது. வைத்துவிட்டேன். மார்ச் ஐந்து ஞாயிற்றுக்கிழமை வரை பொறுப்பேன். நீயே போய்ச் சொல். சொல்லாவிட்டால் திங்கள் காலை ஹென்னிங்கிடம் நான் சொல்வேன். இந்தத் தடவை வைக்க மாட்டேன். அதற்குப் பிறகு நீ என்னோடு பேசாமல் இருந்தாலும் சரி.

அக்கா


ஸ்பிட்ஸ்பெர்கன்,
3 மார்ச் 2006

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டும். என் சுகத்தை இனி டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

புயலால் பத்து நாளுக்கு மேல் விமானம் இல்லை. இன்று காலைதான் வந்தது. உன் கடிதத்தை இப்போதுதான் படித்தேன். இது உன் கைக்கு வருமுன் நீ ஹென்னிங்குக்குப் போன் செய்திருந்தாலும் அவருக்கு அது புதிதாக இருந்திருக்காது. செவ்வாய்க்கிழமையே சொல்லிவிட்டேன். உன் மிரட்டலைப் படிக்கும் முன்பே சொன்னேன் என்பதை மட்டும் நம்பு.

மாணவர்களின் பெயர்கள் பலகைக்கு வந்திருந்தன. ஒவ்வொரு பெயரும் வயதும். பார்த்துக்கொண்டே நின்றவன் நேராக ஹென்னிங் அறைக்குள் போய்விட்டேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் துப்பாக்கி அலமாரிச் சாவியைக் கேட்டு வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தார். நாளை இதே விமானத்தில் நான் கிளம்ப வேண்டும். முதலில் நார்வேயில் ட்ரோம்சோ மருத்துவமனை, அப்புறம் எர்லாங்கன். என் அளவுகளை உல்ரிக தொடர்ந்து எடுப்பாள். பட்டத்தைப் பற்றி நிறுவனம் முடிவு செய்யும் என்றார். எனக்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிடும். வந்தபின் இதைப் பற்றி என்னிடம் கேட்காதே. வாயால் சொல்ல முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

ஆமாம், மோதிரத்தில்தான் பட்டது. நீ வருந்துவாய் என்று மறைத்தேன். அந்த அறைக்குள் அதைப் போட்டுக்கொண்டு போனவன் நான், கண்ணாடியை ஏற்றியவனும் நான். அன்றே கழற்றிவிட்டேன். அம்மாவுக்கு என்ன சொல்வது என்று நீ யோசி.

உல்ரிகவிடம் நானே சொல்வேன் என்று ஹென்னிங்கிடம் கேட்டுக்கொண்டேன். லேசர் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். நவம்பரில் நடந்தது, இடது தோள், எல்லாம். கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

"அன்றைக்குக் குடிசையில், அது உனக்குத் தெரிந்ததா?"

"குறி பார்த்தபோது தெரியவில்லை" என்றேன்.

"நான் பொறு என்று சொன்னேனே?"

"நான் பொறுக்கவில்லை, உல்ரிக. எனக்குச் சுட எதுவும் தெரியவில்லை."

அவள் முகம் வெளிறிப் போய்விட்டது. மூன்று வாரம் கழித்து அந்தக் கரடி அவளிடம் அப்போதுதான் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் கையை நீட்டினேன். விலகிக்கொண்டாள். "நீ என்னைக் காப்பாற்றினாய் என்று என் அம்மாவிடம் போனில் சொல்லியிருக்கிறேன். உன் கையளவு என்ன என்று கேட்டார்கள். உனக்குக் கையுறை பின்னிக்கொண்டிருக்கிறார்கள்" என்றாள். "இப்போது அவர்களிடம் நான் என்ன சொல்வது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சாப்பாட்டு மேசையில் வேறு பக்கம் உட்காருகிறாள்.

இன்று வந்த விமானத்தில் உன் கடிதத்தோடு லூபெக்கிலிருந்து ஒரு பொட்டலமும் வந்திருக்கிறது. உல்ரிக பெயருக்கு வந்தது. மத்தியானம் பெட்டி கட்ட அறைக்கு வந்தால் என் கட்டில் மேல் இருக்கிறது. பிரித்து, உள்ளே இருந்த சீட்டை எடுத்துவிட்டு, கையுறைகளை மட்டும் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். சாம்பல் நிறக் கம்பளி, மணிக்கட்டில் சிவப்புக் கரை. தன் மகளைக் காப்பாற்றியவனுக்கு என்று ஒரு தாய் உட்கார்ந்து பின்னியது.

போட்டுப் பார்த்தேன் அக்கா. சரியாக இருக்கிறது. நாளை இவற்றைப் போட்டுக்கொண்டு விமானம் ஏறுவதா, வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் தம்பி,
சிவராம்